பெயர் வைத்து வளர்த்த கோழி

கோழியைப் பற்றி ஒரு மார்க்கப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். அறுப்பின் சட்டத்தை எழுதலாம். எச்சம் பட்ட துணியின் சட்டத்தை எழுதலாம். அவையெல்லாம் பலமுறை எழுதப்பட்டு விட்டன. நாம் எடுத்துக்கொண்டிருப்பது அவற்றில் சேராத ஒரு கேள்வி. குஞ்சிலிருந்து கொல்லையில் வளர்த்து, பிள்ளைகள் பெயர் வைத்து அழைத்து, அழைத்த குரலுக்கு ஓடிவரும் ஒரு கோழியை, விருந்தாளி வந்துவிட்டார் என்பதற்காகப் பிடித்து அறுப்பது சரிதானா? ஹலாலா ஹராமா என்று நாம் கேட்கவில்லை. அது ஹலால் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கோழி இறைச்சி உண்டதைத் தாம் கண்டதாக அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் இருக்கிறது. ஹலாலான ஒரு காரியத்தைச் செய்யும்போதும் மனம் ஏன் கூசுகிறது, அந்தக் கூச்சத்துக்கு மார்க்கத்தில் இடமுண்டா என்பதுதான் கேள்வி.

பெரியவர்கள் இதைக் கேட்பதில்லை. பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லும் பதில் என்ன என்பதைப் பிறகு பார்ப்போம்.

கோழி வளர்த்தவர்களுக்குத் தெரிந்த, வளர்க்காதவர்கள் கேட்டால் சிரிக்கிற ஒரு செய்தி உண்டு. இரண்டு கோழிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதே அது. நிறத்தைச் சொல்லவில்லை, குணத்தைச் சொல்கிறோம். நம் வீட்டுக் கொல்லையில் இப்போது ஐந்து பேடுகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. மூத்தது கருப்பி. காலையில் கூட்டைத் திறந்தால் முதலில் வெளியே வருவது அதுதான். குருணையை இறைத்தால் அது நாலு கொத்துக் கொத்திய பிறகே மற்றவை நெருங்கும். முந்துகிறவள் தலையில் ஒரு கொத்து விழும். செவலைக்கு எதைக் கண்டாலும் பயம். துணியை உதறினால் ஓடும். குடையை விரித்தால் முருங்கை மரத்தில் ஏறிவிடும். புள்ளிக்குக் கொல்லையே பிடிக்காது. அடுக்களை வாசற்படியில் நின்று தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கும். ஆள் திரும்பிய அந்த நொடியில் வடகப் பாயில் நிற்கும். குட்டை என்று ஒன்று. முட்டையிட அதற்கு ஒரு பழைய ஓலைப்பெட்டிதான் வேண்டும். பெட்டியை இடம் மாற்றி வைத்துவிட்டால் முற்றமெல்லாம் கேரிக்கொண்டு அலையும். திரும்ப வைக்கும்வரை முட்டையிடாது. ஐந்தாவது, கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் கோழி. அழகு என்று சொல்ல அதனிடம் ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளைகள் மத்ரஸாவுக்குக் கிளம்பினால் வாசல் கேட்டுவரை கூடவே நடந்து போய், கேட்டுச் சாத்தியதும் திரும்பி வருவது அது ஒன்றுதான்.

இந்தக் குணங்கள் மாறாதவை என்றும் நினைத்துவிட வேண்டாம். பயந்தாங்கொள்ளிச் செவலை சென்ற ஆண்டு அடைக்குப் படுத்தது. இருபத்தொரு நாள். நாளுக்கு ஒருமுறை எழுந்து, அவசரமாக இரண்டு வாய் தின்று, தண்ணீர் குடித்து, எச்சமிட்டுவிட்டு ஓடிவந்து மறுபடி உட்கார்ந்துவிடும். இடையிடையே அலகால் முட்டைகளைத் திருப்பி வைக்கும். கடைசி நாளில் ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கீச்சிட, தாய் தாழ்ந்த குரலில் பதில் கொடுப்பதைக் காது வைத்துக் கேட்டால் எவருக்கும் நெஞ்சு இளகும். குஞ்சு பொரித்த பின் அதே செவலை, மதில்மேல் வந்த பூனையைத் துரத்திக்கொண்டு அடுத்த வீட்டுக் கிணற்றடிவரை போயிற்று.

சேவலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரு புழு கிடைத்தால் விழுங்குவதில்லை. அலகால் எடுப்பதும் கீழே போடுவதுமாகப் பேடுகளைக் கூப்பிட்டுக்கொண்டே நிற்கும். வானில் பருந்து வட்டமிட்டால் ஒரு குரல், தரையில் பூனையோ கீரியோ வந்தால் வேறொரு குரல். முதல் குரலுக்குக் குஞ்சுகள் செடியடியில் பதுங்கும். இரண்டாவதற்குத் தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்க்கும். புழு இல்லாமலே கூப்பிட்டுப் பேடுகளை ஏமாற்றும் சேவல்களும் உண்டு. நாலு தடவை ஏமாந்த பேடு ஐந்தாம் தடவை வருவதில்லை!

கல்வியாளர்களும் இதையெல்லாம் கவனித்திருக்கிறார்கள். நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே என்பவர் சிறுபிள்ளையாய் இருந்தபோதே வீட்டுக் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வைத்தவர். அவர் 1922இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட கட்டுரைதான், மந்தையில் ஒவ்வொரு கோழிக்கும் ஒரு படிநிலை உண்டு என்பதை உலகுக்குச் சொன்னது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குஞ்சுகள்மீது லேசாகக் காற்றை ஊதி அவற்றைத் தொந்தரவு செய்தபோது, பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கோழியின் இதயத் துடிப்பு கூடியது. காற்று பட்டது குஞ்சின் மேல். பதறியது தாயின் நெஞ்சு. ஜப்பானின் நகோயாவில் செய்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. விடியலில் மந்தையின் தலைமைச் சேவல்தான் முதலில் கூவுகிறதாம். மற்றவை தத்தம் வரிசைப்படி பின்னால் கூவுகின்றனவாம். ஜமாஅத்தில் இமாமை முந்துகிற நம்மவர்களை நினைத்துக்கொண்டோம்.

ஆனால் இவை நமக்குப் புதிய செய்திகளா? பூமியில் ஊர்ந்து திரியும் பிராணிகளும் இரு சிறகுகளால் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் 6ஆவது அத்தியாயம் 38ஆம் வசனம் தெளிவாகவே கூறுகிறது. பிரயாணத்தில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்ததும், அதை வேதனைப்படுத்தியவர் யார் என்று விசாரித்து, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. பிரிஸ்டலில் கருவி வைத்து அளந்ததை அன்று ஒரு பார்வையில் அறிந்துகொண்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ், தமது ‘கிதாபுல் ஹயவான்’ என்ற பெருநூலில் நாய் சிறந்ததா சேவல் சிறந்ததா என்ற வாதத்துக்கே எத்தனையோ பக்கங்களை ஒதுக்கியிருக்கிறார். பிராணிகளுக்குக் குணமுண்டு என்பதில் நம் முன்னோருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

சரி, குணமிருக்கிறது, தவிப்பிருக்கிறது, பிள்ளைப்பாசம் இருக்கிறது. அப்படியானால் கத்தியை எடுக்கலாமா?

இந்த இடத்தில் மனிதர்கள் இரண்டு பக்கமாகப் பிரிகிறார்கள். அல்லாஹ் நமக்காகப் படைத்தது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பவர் ஒரு பக்கம். இத்தனை உணர்வுள்ள ஜீவனை உண்பதே பாவம் என்பவர் மறு பக்கம். பேச்சில் எதிரெதிராகத் தோன்றினாலும் இருவரும் தேடுவது ஒன்றைத்தான். மனம் கூசாமலிருக்க ஒரு வழி! முன்னவர் கோழியைப் பொருளாக்கிக் கூச்சத்தைப் போக்கிக்கொள்கிறார். பின்னவர் கத்தியைத் தூர எறிந்து போக்கிக்கொள்கிறார். மார்க்கம் இந்த இரண்டையுமே நம்மிடம் கேட்கவில்லை. ஆட்டை அறுக்கும்போது எனக்கு அதன்மேல் இரக்கம் உண்டாகிறதே என்று ஒரு ஸஹாபி நபியவர்களிடம் சொன்னார். அந்த இரக்கத்தை விட்டுவிடு என்று அவரிடம் சொல்லப்படவில்லை. அறுப்பதை விட்டுவிடு என்றும் சொல்லப்படவில்லை. அந்த ஆட்டின்மேல் நீர் இரங்கினால் அல்லாஹ் உம்மேல் இரங்குவான் என்ற கருத்தில்தான் பதில் கிடைத்தது. ஆகவே கூச்சம் ஈமானின் பலவீனமல்ல. அறுப்பவரிடம் அது இருக்கத்தான் வேண்டும். கத்தியைத் தீட்டிக்கொள்ளவும் அறுக்கப்படும் பிராணிக்கு வேதனையைக் குறைக்கவும் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் கட்டளை இருக்கிறது. கூச்சம் செத்துப்போன கை அந்தக் கட்டளையை எப்படி நிறைவேற்றும்?

கோழியின் பெயர் நேரடியாகவே வரும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஒரு வீட்டுப் பையன் கோழியைக் கட்டி வைத்து அம்பெய்து பழகிக்கொண்டிருந்ததை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டார்கள். தாமே போய்க் கட்டை அவிழ்த்தார்கள். கோழியையும் பையனையும் அழைத்துக்கொண்டு வீட்டாரிடம் வந்து கண்டித்தார்கள். புகாரியில் காணப்படும் இந்தச் செய்தியில் கோழிக்குப் பெயரில்லை, அது யாருக்கும் செல்லமுமில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பெயர் வைப்பதால் கோழியின் உரிமை கூடிவிடுவதில்லை. பெயரில்லாததால் குறைந்துவிடுவதுமில்லை. பெயர் வைத்தபோது மாறியது நாம்தான். அதன் குணம் நமக்குத் தெரிந்துவிட்டது. நம் குரல் அதற்குத் தெரிந்துவிட்டது.

இந்தக் குரல் விஷயத்தில்தான் நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ‘பா… பா…’ என்று அழைத்துக் குருணையைக் காட்டி, நம்பி வந்ததைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறார்கள். கோழியிடம் சொல்லும் பொய்க்கு எந்தக் கிதாபில் சட்டம் இருக்கிறது என்று கேட்பவர்கள் கேட்கட்டும். தீனிக்கென்று அழைத்த குரலை அதற்கு மட்டும் வைத்துக்கொள்வதில் நமக்கு ஒரு நஷ்டமுமில்லை. இரவில் கூடடைந்த பிறகு கையை விட்டு மெதுவாக எடுத்தால் கோழி கத்துவதுகூட இல்லை. இருட்டில் அது அடங்கிவிடும். தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, காலையில் மற்றவற்றின் கண்ணில் படாத இடத்தில் அறுக்கலாம். துரத்தலும் இல்லை, ஏமாற்றலும் இல்லை.

இனி அந்தப் பதிலுக்கு வருவோம். மத்ரஸா விட்டு வந்த பேரன், “உம்மம்மா, கருப்பியைக் காணோமே?” என்று கேட்கிறான். “கீரி தூக்கிட்டுப் போயிடுச்சு வாப்பா” என்று பதில் வருகிறது. அடுப்பில் ஆணம் கொதித்துக் கொண்டிருக்கிறது. அவன் அழுகிறான், பிறகு பசியில் உட்கார்ந்து உண்கிறான். எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது இது! அன்பினால் சொல்லப்படும் பொய் என்பது உண்மை. பிள்ளையின் மனம் நோகக்கூடாது என்றுதான் அந்தக் கிழவி சொல்கிறார். ஆனாலும் அன்றைய பகலில் அந்த வீட்டில் நடந்த காரியங்களில் குற்றமானது எது என்று கேட்டால், அறுப்பை நாம் சொல்ல மாட்டோம். இந்தப் பொய்யைத்தான் சொல்வோம்.

ஏன்? முதலாவது, பிள்ளைகளிடம் சொல்லும் பொய்யும் பொய்தான். அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறுபிள்ளையாய் இருந்தபோது அவரைத் தாயார், இங்கே வா, ஒன்று தருகிறேன் என்று அழைத்தார்கள். என்ன கொடுக்க எண்ணினாய் என்று நபியவர்கள் கேட்க, ஒரு பேரீச்சம்பழம் என்று பதில் வந்தது. ஒன்றும் கொடாதிருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்தார்கள். ஒரு பேரீச்சம்பழத்துக்கே இந்தக் கணக்கென்றால், ஒரு பிள்ளையின் ஈராண்டுச் சிநேகத்துக்கு என்ன கணக்கு? இரண்டாவது இன்னும் கனமானது. ஒரு காரியம் ஹலால் என்றால் அதை ஏன் மறைக்க வேண்டும்? மறைக்கும்போது பிள்ளைக்கு நாம் கற்பிப்பது என்ன? அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிச் செய்த காரியம் ஒன்று, திருட்டுத்தனமாகச் செய்து மூடிவைக்க வேண்டியது என்பதைத்தான். உண்மை ஒருநாள் தெரியும். உடன்பிறந்தவன் சொல்வான், அல்லது குப்பையில் கிடக்கும் கருப்பு இறகு சொல்லும். அன்று அவன் கருப்பிக்காக அழமாட்டான். உம்மம்மாவின் முகத்தைப் பார்ப்பான்.

எப்படிச் சொல்வது என்று தாய்மார்கள் கேட்கலாம். நம் வழக்கத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. கண்டதையும் கிளறித் தின்னும் கோழியை அறுக்குமுன் மூன்று நாள் அடைத்துச் சுத்தமான தீனி போடுவார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்படிச் செய்ததாக வந்திருக்கிறது. அந்த மூன்று நாளும் பிள்ளைக்கும் உரியவைதாம். கருப்பியை ஏன் அடைத்திருக்கிறீர்கள் என்று அவன் கேட்பான், அப்போதே சொல்லிவிடலாம். அவனே தீனி போடட்டும், தண்ணீர் வைக்கட்டும். வேண்டாம் என்று அவன் அழுதால்?

இந்த இடத்தில் அந்தக் கோழி யாருடையது என்று பார்க்க வேண்டும். குஞ்சாக இருந்தபோது, ‘இது உனக்குடா, நீயே வளர்த்துக்கோ’ என்று வாப்பா சொல்லிக் கொடுத்திருந்தால், அந்தச் சொல் சும்மா சொன்ன சொல் அல்ல. கொடுத்ததை விருந்தாளி வந்த அவசரத்தில் கேளாமல் எடுத்துக்கொள்வது நன்கொடையின் ஒழுங்குக்கே விரோதமானது. அவனிடம் கேளுங்கள். சம்மதித்தால் சரி. மறுத்தால் வேறு கோழி வாங்குங்கள். ஒரு கோழிக்காகப் பிள்ளையின் பிடிவாதத்துக்கு இடங்கொடுப்பதா என்று கேட்கும் தகப்பன்மார்களுக்கு, அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூஉமைரை நினைவூட்டுகிறோம். அந்தச் சிறுவன் வளர்த்த சின்னஞ்சிறு பறவை இறந்துபோய்த் துக்கமாயிருந்தபோது, உலகத்துக்கே தூதராய் வந்தவர்கள் அவனிடம் போய் அந்தப் பறவையைப் பற்றி விசாரித்தார்கள். பறவைதானே என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

முட்டை நின்றுபோன கிழக்கோழியின் விஷயம் வேறு. நாட்டுக்கோழி நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்தாறு ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும் வாழும். முட்டையோ இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் குறைந்துகொண்டே வரும். தீனிக்குத் தண்டம் என்று அதைத் தெருவில் விட்டுவிடுவதும், நோய் கண்டால் வேலிக்கு வெளியே தூக்கிப் போடுவதும் நாம் காணாத காட்சிகளல்ல. வெள்ளைக்கழிச்சல் கண்டு கழுத்துத் திருகிச் சுருண்டு கிடக்கும் கோழியை அப்படியே சாகவிட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். முன்கூட்டியே தடுப்பு மருந்து போட்டிருந்தால் பெரும்பாலும் வந்திருக்காத நோய் அது. கெய்ரோவில் 1262இல் வஃபாத்தான ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் அவர்கள், ‘கவாஇதுல் அஹ்காம்’ என்ற நூலில் மனிதன்மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை எண்ணிச் சொல்கிறார்கள். மூப்பினாலோ நோயினாலோ இனிப் பயனில்லை என்றாகிவிட்ட பிராணிக்கும் தீனி கொடுத்தாக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. குட்டிகளைத் தாயின் கண்முன் அறுக்கலாகாது என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கிழக்கோழியை அறுத்து உண்பதில் தவறில்லை. வைத்துக் காப்பாற்றுவதிலும் தவறில்லை. இரண்டுமில்லாமல் கைகழுவி விடுவதுதான் தவறு.

கடைசியாக, நல்ல மனம் படைத்த பலர் செய்யும் ஒரு காரியம். வீட்டுக் கோழியை அறுக்க மனம் வராமல், கடைக்கு ஆளனுப்பி ஒரு கிலோ கறிக்கோழி வாங்கி வரச் சொல்கிறார்கள். இதைக் கேலி செய்பவர்களோடு நாம் சேரமாட்டோம். தெரிந்தவர்மேல் இரக்கம் முதலில் வருவது இயற்கை. உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் மார்க்கம் முதல் உரிமை கொடுத்திருப்பதும் அதனால்தான். ஆனால் இரக்கம் வாசற்படியிலேயே நின்றுவிட்டால் போதுமா? கடையில் தொங்கும் அந்தக் கோழிக்கும் ஒரு குணம் இருந்திருக்கும். அதைக் காட்டுவதற்குத்தான் அதற்கு நாளும் இல்லை, இடமும் இல்லை. கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957ஆம் ஆண்டு வழக்கிலிருந்த கோழி இனத்தையும் 2005ஆம் ஆண்டின் இனத்தையும் ஒரே தீனி கொடுத்து ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். முடிவு 2014இல் வெளிவந்தது. 56 நாளில் பழைய இனம் 905 கிராம். புதிய இனம் 4,202 கிராம்! சுமையை அதன் கால்களால் தாங்க முடியாமல் போவது இந்த இனங்களில் சகஜம். பெரும்பாலானவை ஆறேழு வாரத்திலேயே அறுப்புக்குப் போய்விடுகின்றன. முட்டைக்கென்று கம்பிக் கூண்டில் வளர்ப்பவற்றுக்கு ஒரு தாளின் அளவு இடம்கூடக் கிடைப்பதில்லை. சிறகை விரிக்கவோ மண்ணில் புரளவோ வழியில்லை. ஐரோப்பிய நாடுகளில் 2012 முதல் அத்தகைய வெறும் கூண்டுகளுக்குத் தடை இருக்கிறது. பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்கப்பட்டதா என்று மட்டும் கேட்டு வாங்கும் நாம், அதற்கு முன்னிருந்த நாற்பது நாளைப் பற்றி ஒருமுறையாவது கேட்டிருக்கிறோமா? அந்த வாழ்வைத் தனியொருவராக மாற்ற நம்மால் இயலாமல் போகலாம். நாட்டுக்கோழி வளர்க்கும் பெண்களிடம் கொஞ்சம் கூட விலை கொடுத்து, மாதத்தில் ஒருமுறை குறைத்து வாங்க இயலும்.

கடையிலாவது கண்ணைத் திறந்து பார்க்க இயலும். ஐந்தாறு கோழிகளின் கால்களை ஒன்றாய்க் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டு வருகிறார்களா? கூண்டில் இருப்பவற்றின் கண்ணெதிரே அறுக்கிறார்களா? கத்தி மழுங்கியிருக்கிறதா? உயிர் அடங்குமுன்னே கொதிநீரிலோ இறகு பிடுங்கும் இயந்திரத்திலோ போடுகிறார்களா? வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இவையெல்லாம் நடக்கின்றன. அவசரம் கடைக்காரருடையது மட்டுமல்ல, நம்முடையதும்தான். “பாய், துடிப்பு அடங்கட்டும், நாங்கள் நிற்கிறோம்” என்று சொல்லிவிட்டு நிற்பதற்கு இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும். பின்னால் நிற்பவர் நேரமாகிறது என்று முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.